இரண்டு தசம இடங்களும் ஒரு தரைச்சக்கரமும்

ஆரம் 7 செ.மீ. என்றால் வட்டத்தின் பரப்பு என்ன? பள்ளிப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் 154 சதுர செ.மீ. என்று சட்டென்று சொல்வார்கள். 22/7-இன் ஏழு அடிபட்டுப் போக, 22-ஐ ஏழால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. 3.14 போட்டவருக்கு 153.86 வரும். உண்மை மதிப்பு இரண்டுக்கும் இடையே, 153.94-ஐ ஒட்டி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது விருதுநகர் மாவட்டம். இங்கே இந்தக் கணக்கைத் தப்பாகப் போடுகிறவர்கள் குறைவு. எனக்குள்ள குறையெல்லாம் அதைச் சரியாகப் போடும் விதத்தில்தான்.

முதலில் 22/7-க்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். தசமம் என்றால் துல்லியம், பின்னம் என்றால் பழைய காலத்துத் தோராயம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது பொருந்தாது. 22/7 உண்மை மதிப்பைவிட 0.04 சதவீதம் கூடுதல், 3.14 அதைவிட 0.05 சதவீதம் குறைவு. பின்னம்தான் நெருக்கமானது, மனக்கணக்குக்கும் அதுவே தோது. கேள்விகளில் 7, 14, 21, 3.5 என்றே ஆரங்கள் வருவதால் பிள்ளையின் கவனம் நீண்ட வகுத்தலில் சிதறாமல் சூத்திரத்தில் நிற்கிறது. தொடக்கப் பாடத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏழால் வகுபடாத ஆரத்தை அந்தப் பிள்ளை சந்திப்பதே அரிதாகிவிடுகிறது. 154-க்கு முன்னால் சமக்குறிதான் நிற்கிறது. ஏறத்தாழ என்பதற்கான குறியை யாரும் போடச் சொல்வதில்லை.

இராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், வட்டத்துக்குச் சமப் பரப்புள்ள சதுரம் வரைய ஒரு வழி எழுதினார். 355/113 என்ற மதிப்பை அடிப்படையாகக் கொண்ட வரைவு அது. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலாக இருந்தாலும் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ ஓர் அங்குலம்தான் பிசகும் என்று கையோடு குறித்தும் வைத்தார். விடையைச் சொல்லும்போதே அதன் பிசகையும் சொல்லிவிடும் இந்த ஒழுங்கு நம் வகுப்பறைக்குள் வரவேயில்லை.

சிவகாசித் தரைச்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். மெல்லிய காகிதக் குழாயைத் தட்டையாகச் சுற்றிச் சுற்றி ஒட்டினால் சக்கரம். நடுவிலுள்ள சிறு இடைவெளியை விட்டுவிட்டால், முகப்பின் பரப்பைக் குழாயின் தடிமனால் வகுத்துக் குழாயின் நீளத்தைக் கண்டுபிடித்துவிடலாம். விட்டம் 6 செ.மீ., தடிமன் 0.5 செ.மீ. என்று வைப்போம். 22/7-இல் நீளம் 56.57 செ.மீ.; 3.14-இல் 56.52. வித்தியாசம் அரை மில்லிமீட்டர். ஆனால் அந்த 0.5 என்பதே முழுமையாக்கிய எண். அசல் தடிமன் 0.45 முதல் 0.55 வரை எதுவாகவும் இருக்கலாம். முதலாவதை வைத்தால் நீளம் 62.8 செ.மீ., இரண்டாவதை வைத்தால் 51.4. பதினொரு செ.மீ. நிச்சயமில்லாத ஒரு விடைக்கு இரண்டு தசம இடங்கள் எதற்கு? பத்துக் குழாய்களை அருகருகே அடுக்கி, மொத்த அகலத்தை அளந்து பத்தால் வகுத்தால் இந்தப் பிசகு பத்தில் ஒன்றாகக் குறையும். ‘பை’யின் இலக்கங்களை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ பயனுள்ள பயிற்சி.

அளவிடுவதை நடுவில் வைத்த மரபு நம்மிடம் உண்டு. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணித நூல் அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கச் சொல்கிறது. அந்த விதியில் ‘பை’ கிடையாது, தோராயமும் கிடையாது. பிசகு இருந்தால் அது அளந்த கயிற்றில்தான் இருக்கும். 25 மி.மீ. விட்டமுள்ள குழாயை அளவுகோலால் அளக்கும்போது அரை மி.மீ. தவறினால் அது 2 சதவீதம். நூலைச் சுற்றிச் சுற்றளவை அளக்கும்போது அதே அரை மி.மீ. தவறினால் 0.64 சதவீதம்தான். விதியின் குறையையும் சொல்ல வேண்டும். தோண்டிய கிணற்றுக்குத்தான் கயிறு பிடிக்க முடியும். இனித் தோண்டப்போகும் கிணற்றின் பரப்பை ஆரத்திலிருந்து காண ‘பை’ இல்லாமல் வழியில்லை.

முழுமையாக்கலில் அடிக்கடி நடக்கும் பிழை, பாதிக் கணக்கிலேயே அதைச் செய்வது. விட்டம் 2.5 செ.மீ. என்றால் ஆரம் 1.25. அதை 1.3 ஆக்கிவிட்டுப் பெருக்கினால் பரப்பு 5.31. ஆக்காமல் பெருக்கினால் 4.91. ஆரத்தை வர்க்கப்படுத்துவதால் சின்னப் பிசகு இரட்டிப்பாகி எட்டு சதவீதத்தில் வந்து நிற்கிறது. இதையாவது ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள்.

யாரும் எச்சரிக்காதது முழுமையாக்கலின் திசை. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் ஒன்றைக் கூட்டு என்பது பள்ளி விதி. மளிகைக் கடை பில்லுக்கு அது போதும். பட்டாசுக்குப் போதாது. 1999-இல் வந்த மத்திய அரசின் ஒலி விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு வெடியின் ஓசை 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரமாகக் கோத்த வெடிகள் என்றால், வெடிகளின் எண்ணிக்கைக்குப் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை கண்டு, அதன் ஐந்து மடங்கை அந்த வரம்பிலிருந்து கழிக்க வேண்டும். ஐம்பது வெடிச் சரத்துக்குக் கழிவு 8.495, வரம்பு 116.505. பள்ளி விதிப்படி முழுமையாக்கினால் 117 வரும். அது சட்டம் அனுமதிக்காத அளவு. எழுத வேண்டிய எண் 116. சரவெடியை 2018-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்துவிட்டாலும், எல்லா வரம்புகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மிஞ்சக் கூடாத அளவைக் கீழ்நோக்கியும், குறையக் கூடாத இடைவெளியை மேல்நோக்கியும்தான் முழுமையாக்க வேண்டும். பட்டாசு அறைகளைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தராமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சிவகாசி அச்சகங்களில் வட்ட லேபிள்களுக்குப் பஞ்சமில்லை. தேர்வில் ஆரத்தை எழுதிக் கொடுப்பதற்குப் பதில் அப்படி ஒரு லேபிளைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லலாம். விட்டம் 10 செ.மீ., அதில் ஒரு மி.மீ. பிசகு இருக்கலாம், ஆகவே பரப்பு 76.9-க்கும் 80.2-க்கும் இடையே என்று எழுதும் மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுக்க விடைக்குறிப்பில் இடம் இருக்க வேண்டும். இன்றைய விடைக்குறிப்பு ஒரே ஓர் எண்ணைத்தான் ஏற்கிறது.