யார் கையில் கொடுத்தீர்கள்?

கணவன் விவாகரத்து கேட்டு வழக்குப் போடுகிறான். மனைவி பிறந்த வீட்டில் இருக்கிறாள். மனுவில் அவளுடைய முகவரியாக அவன் எழுதிக் கொடுப்பதோ, அவள் விட்டு வந்த அதே வீட்டை. அழைப்பாணை அங்கே போகிறது. யாரோ வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். குறித்த நாளில் நீதிமன்றத்தில் அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிறது. தன் திருமணம் முடிந்துபோன செய்தியை அவள் பல மாதம் கழித்து உறவுக்காரர் வாயால் கேட்கிறாள்.

இதைத் தனியொருவனின் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கான இடம் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 5, விதி 15ஐப் பாருங்கள். பிரதிவாதி கிடைக்காவிட்டால், அவரோடு வசிக்கும் குடும்பத்தின் வயதுவந்த ஆண் ஒருவரிடம் அழைப்பாணையைக் கொடுக்கலாம் என்றே அது முதலில் சொன்னது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ‘ஆணோ பெண்ணோ’ என்று மாற்றியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64வது பிரிவு ‘ஆண்’ என்ற சொல்லை விடவே இல்லை. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்த பிறகுதான் அது போனது.

சொல் போனது, எண்ணம் போகவில்லை. குடும்பம் என்றால் ஒரே மனம், ஒருவரிடம் கொடுத்தால் எல்லோரிடமும் கொடுத்த மாதிரி என்பதே அந்த எண்ணம். காகிதம் வாங்கும் மாமியாரோ அண்ணனோ வழக்கில் எந்தப் பக்கம் என்று விதி கேட்பதில்லை. ‘வேலையாள் குடும்ப உறுப்பினர் அல்ல’ என்று விளக்கம் எழுதத் தெரிந்த சட்டத்துக்கு, வழக்குப் போட்டவனின் தாய் மருமகளுக்காகக் காகிதம் வாங்கக் கூடாது என்று எழுதத் தோன்றவில்லை. பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பதானால், பிரதிவாதி கடைசியாக ‘உண்மையாகவும் தன் விருப்பப்படியும்’ வசித்த பகுதியில் விற்கும் நாளிதழாக இருக்க வேண்டுமாம். விருப்பப்படி வசித்த வீடு என்று நம்மில் எத்தனை பேர் ஒன்றைக் காட்டுவோம்?

மீள வழி உண்டு. அழைப்பாணை முறையாகச் சேரவில்லை, அல்லது வர முடியாததற்குத் தக்க காரணம் இருந்தது என்று காட்டினால், ஆணை 9, விதி 13இன் கீழ் தீர்ப்பை ரத்து செய்யலாம். கெடு 30 நாள். அழைப்பாணை முறையாகச் சேராதபோது, தீர்ப்பைப் பற்றி அறிந்த நாளிலிருந்து அது எண்ணப்படும். ஆனால் எதிர்த்தரப்பிடம் கையெழுத்து இருக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு அவள் எதைக் காட்டுவாள்? விசாரணைத் தேதி தெரிந்திருந்தது, வர அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் கருதினால், சேர்ப்பித்ததில் இருந்த குறைக்காக மட்டும் தீர்ப்பு ரத்தாகாது. ‘அவளுக்குத் தெரியாமலா இருக்கும்’ என்ற ஊர்ப்பேச்சு நுழைய இந்த இடைவெளி போதும்.

இதற்கிடையே மேல்முறையீட்டுக் காலம் முடிந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 15வது பிரிவின்படி அவன் மறுமணம் செய்துகொள்ளலாம். அவள் மனுவோடு வரும்போது அந்த வீட்டில் இன்னொரு பெண் இருப்பாள். அவளும் எதுவும் அறியாதவளாக இருக்கலாம்.

அதற்காக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே கூடாது என்று நாம் சொல்ல முடியாது. அழைப்பாணைக்கு ஒளியும் கணவனிடம் ஜீவனாம்சம் பெற அதுவே வழி. நாம் கேட்பது வேறு: குடும்பத்துக்குள் நடக்கும் வழக்கில் காகிதம் அவள் கையிலேயே சேர வேண்டும், எதிர்த்தரப்போடு ஒரே கூரையின் கீழ் இருப்பவர் வாங்கியது செல்லக் கூடாது.

அதுவரை, இந்த நிலைக்கு ஆளான பெண் தீர்ப்பின் நகலோடு, அழைப்பாணையைக் கொண்டுபோன ஊழியர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். கையெழுத்து யாருடையது, எந்த வீட்டில், எந்தத் தேதியில் என்று பார்க்க வேண்டும். ‘அவரோடு வசிக்கும்’ என்ற சொல்லே அவளுடைய பிடி. அன்று தான் வேறிடத்தில் வசித்ததற்கு ரேஷன் கார்டு, வேலையிட வருகைப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு எதுவானாலும் உதவும். அந்த ஊழியரைச் சாட்சிக் கூண்டில் விசாரிக்கும்படி கேட்கலாம். அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் கையில் கொடுத்தீர்கள் என்பதுதான்.