கண்டெடுத்தவர் கதையும் சுமந்தவர் கதையும்: இயற்கை வளங்கள் வெள்ளித்திரையில்

பூமியின் வயிற்றிலிருந்தும் ஆற்றின் மடியிலிருந்தும் மனிதன் பெற்றுக்கொள்ளும் பொருள்கள், பெற்ற இடத்திலேயே அவனுக்குப் பெரும்பயன் தந்துவிடுவது அரிது. நிலக்கரி உலைக்குப் போய்ச் சேர வேண்டும். எண்ணெய் துறைமுகத்தை அடைய வேண்டும். தண்ணீர் வயலுக்கோ குடத்துக்கோ வந்தாக வேண்டும். மின்சாரமோ கம்பி இன்றி ஓர் அடியும் நகராது. ஆகவே ஒரு வளத்தின் சரித்திரம் என்பது பெரும்பாலும் அதைச் சுமந்து சென்றவர்களின் சரித்திரமே. ஆயினும் ஜனரஞ்சக சினிமா, இவ்விஷயத்தைத் தொட்ட நாள் முதலாக, கண்டெடுக்கும் க்ஷணத்தின் ஆரவாரத்திலும் கைக்கொண்டவனின் பேராசையிலுமே பெரிதும் மனத்தைப் பறிகொடுத்து நின்றிருக்கிறது. கிணறு பீறிடுவதையும் சுரங்கம் இடிவதையும் சலிக்காமல் காட்டிய திரை, இடைவழியின் மீது கண்ணைத் திருப்பிய சந்தர்ப்பங்கள் சிலவே. அந்தச் சிலவற்றில்தான் வளம் என்பதன் உண்மையான பாரம் புலப்படுகிறது என்பதே இத்துறையை வரிசையாகப் பார்த்து வருகையில் நமக்குத் தோன்றும் அபிப்பிராயம்.

நிலக்கரியிலிருந்து தொடங்குவோம். கரியை வெட்டுவதற்கு நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே குழியில் இறங்க வேண்டியிருந்ததால், கரிச்சுரங்கக் கதை தன் சுபாவத்தினாலேயே கூட்டத்தின் கதையாகவும், கூட்டத்தோடு சேர்ந்து மாளும் மரணத்தின் கதையாகவும் அமைந்துவிட்டது. 1906-ல் வடபிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 உயிர்கள் மாண்டபோது, ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர் சிலர் மீட்புப் பணிக்கு வந்து உதவிய சம்பவத்தை, முதல் உலக யுத்தத்துக்குப் பிந்திய எல்லைப்புறத்துக்கு மாற்றி, ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் 1931-ல் 'காமராட்ஷாஃப்ட்' என்ற படமாக எடுத்தார். இரு தேசத்தாரும் பூமிக்கடியில் கைகோத்த பின்பு, அங்கே உடைக்கப்பட்ட எல்லைக் கம்பிகளை அதிகாரிகள் மீண்டும் நட்டு வைப்பதோடு அப்படம் முடிகிறது. பத்தாண்டு கழித்து ஜான் ஃபோர்டு எடுத்த 'ஹௌ கிரீன் வாஸ் மை வேலி', வேல்ஸ் பள்ளத்தாக்கின் பசுமையைக் கரிக்கசடு மூடிக்கொண்டு வருவதை ஒரு குடும்பத்தின் சிதைவோடு இணைத்துக் கண்ணீர் வரச் சொல்லி, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. ஆனால் யுத்த காலமாதலால் வேல்ஸில் படப்பிடிப்பு இயலாமல், அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கலிபோர்னியாவின் குன்றுகளில் எழுப்பப்பட்டது.

நம் தேசத்தில் இவ்வகைக்கு முதன்மையான உதாரணம் யஷ் சோப்ரா 1979-ல் எடுத்த 'காலா பத்தர்'. 1975 டிசம்பரில் தன்பாத்துக்கு அருகே சாஸ்நாலாச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டதை அடியாகக் கொண்ட இப்படத்தில் ஓர் அம்சம் நின்று யோசிக்கத்தக்கது. கரிச்சுரங்கங்கள் 1973-க்குள் தேசியமயமாகிவிட்டன; சாஸ்நாலாச் சுரங்கத்தை வைத்திருந்த கம்பெனியின் நிர்வாகமும் விபத்துக்கு முன்பே அரசாங்கத்தின் கைக்கு வந்திருந்தது. படமோ பணத்தாசை பிடித்த ஒரு தனி முதலாளியை, சேட்டு ஒருவரை, குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இலாகாவுக்கும் விதிமுறைக்கும் முகம் இல்லை. வில்லனுக்கு முகம் வேண்டும். இந்த நிர்ப்பந்தத்துக்கு ஆட்பட்டே வளங்களைப் பற்றிய நம் படங்களுள் பெரும்பாலானவை, ஓர் அமைப்பின் பிழையை ஒரு மனிதனின் பாவமாகச் சுருக்கிவிடுகின்றன. அனுராக் காஷ்யப்பின் 'கேங்ஸ் ஆஃப் வாஸேப்பூர்' (2012) அதே தன்பாத் பிரதேசத்துக்குத் திரும்பி வந்து, கரியின் கதையை மூன்று தலைமுறைப் பகையாக விரித்துக் காட்டியபோது, கரி வெட்டுவோர் பின்னணிக்குப் போய், கரியின் மீது ஆதிக்கம் செலுத்துவோரே கதையை ஆக்கிரமித்துக்கொண்டார்கள்.

எண்ணெயின் கதை வேறு. அதை எடுக்கக் கரிக்கு வேண்டிய அளவு ஆட்கள் வேண்டாம். துரப்பணக் கோபுரம் ஒன்றும், நிலத்தின் மீது உரிமைப் பத்திரம் ஒன்றும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் போதும் என்ற பிரமை அதைச் சூழ்ந்திருந்தமையால், எண்ணெய்ப் படம் ஒற்றை மனிதனின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பாடும் காவியமாயிற்று. எட்னா ஃபெர்பரின் நாவலைத் தழுவி ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் 1956-ல் தந்த 'ஜயன்ட்' படத்தில், ஜேம்ஸ் டீன் நடித்த பண்ணையாள், தனக்கு வந்து சேர்ந்த துண்டு நிலத்தில் ஊற்றுப் பீறிட, கறுப்பு மழையில் நனைந்த கோலத்தோடே பழைய எஜமானனின் வீட்டு வாசலில் போய் நின்று கொக்கரிப்பதைப் பார்த்தவர், ஐசுவரியம் மனிதனை ஒரே நாளில் எப்படி உருமாற்றும் என்பதை மறக்கமாட்டார். அந்த எண்ணெய் எங்கே போயிற்று, யார் எரித்தார்கள் என்ற கேள்வி மட்டும் படத்தில் எழுவதேயில்லை. அதற்கும் எட்டாண்டு முன்னதாக, நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் பணத்தில் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த 'லூயிசியானா ஸ்டோரி'யில் துரப்பணக் கோபுரம் சதுப்பு நிலத்துக்குள் வருகிறது, தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது, சிறுவன் ஒருவனின் கண்முன்னே அழகாகத் திரும்பிப் போய்விடுகிறது. நீருக்கும் நிலத்துக்கும் ஒரு கீறலும் இல்லை. பணம் கொடுத்த கம்பெனியின் பெயரும் படத்தில் இல்லை. விளம்பரம் இதைவிட நாசூக்காக இருக்க முடியாது.

பால் தாமஸ் ஆண்டர்சன் 2007-ல் எடுத்த 'தேர் வில் பி ப்ளட்', அப்டன் சின்க்ளேரின் 'ஆயில்!' நாவலிலிருந்து கிளைத்தது. பீறிட்ட வாயுவில் மகன் செவியை இழப்பதும், எரியும் கோபுரத்தின் எதிரே தகப்பன் தன் செல்வத்தைக் கண்டு மெய்மறப்பதும் எல்லோரும் சிலாகிக்கும் காட்சிகள். ஆனால் கதையின் உண்மையான முடிச்சு அங்கே இல்லை. கிணறு கிடைத்த பின்பும் எண்ணெயைச் சமுத்திரக் கரைக்குக் கொண்டுபோகக் குழாய் பதிக்க வேண்டும். அதற்கு வழியில் ஒரு கிழவனின் நிலம் வேண்டும். அதைப் பெறும் பொருட்டே, எவருக்கும் தலைவணங்காத அந்தக் கர்வி, தான் வெறுக்கும் பாதிரியின் கோயிலில் முழங்காலிட்டு அடி வாங்குகிறான். பூமியைத் துளைத்தபோது பணியாதவனைப் பணிய வைத்தது பாதைக்கு வேண்டிய நிலம்.

இந்த உண்மையை முழுப் படமாகவே ஆக்கிக் காட்டியவர் பிரெஞ்சு டைரக்டர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ. 1953-ல் வெளிவந்த அவரது 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' தென்னமெரிக்கக் குக்கிராமம் ஒன்றில் நிகழ்கிறது. தொலைவில் எண்ணெய்க் கிணறு தீப்பற்றி எரிய, அதை வெடிவைத்து அணைப்பதற்காக நைட்ரோகிளிசரின் என்னும் வெடிதிரவத்தை இரண்டு லாரிகளில் நான்கு ஆட்கள் மலைப்பாதை வழியே கொண்டுபோக வேண்டும். சங்கமும் சொந்தமும் இல்லாத நாதியற்ற மனிதரைக் கம்பெனி தேர்ந்தெடுப்பது, அவர்கள் செத்தால் கேட்பார் இல்லை என்பதற்காகவே. கிணறு ஒன்று எரிகிறது என்ற செய்திக்கும் அது அணைந்தது என்ற செய்திக்கும் நடுவே உள்ள மைல்களை, ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு திருப்பமும் உயிருக்கு விலை பேசும் மைல்களாக, நெடுநேரம் நம்மைக் கடக்க வைக்கிறார் க்ளூஸோ. எண்ணெயின் விலை அங்கேதான் நிர்ணயமாகிறது. அமெரிக்காவில் திரையிட்டபோது கம்பெனியைச் சாடும் பகுதிகள் வெட்டப்பட்டன என்பதே அதன் கூர்மைக்கு அத்தாட்சி.

தண்ணீரைப் பற்றிய படங்கள் இயல்பிலேயே இடைவழிப் படங்கள்; ஏனெனில் தண்ணீர் இருக்கும் இடமும் வேண்டப்படும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. ரோமன் போலன்ஸ்கியின் 'சைனாடவுன்' (1974), 1913-ல் திறக்கப்பட்ட 233 மைல் நீளக் கால்வாயின் வழியே ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கொண்டுபோன சரித்திரத்தை 1937-க்கு நகர்த்தி, துப்பறியும் கதையாக்கியது. அதில் கொலையைவிடப் பெரிய குற்றம், வறட்சியில் தவிக்கும் நகரத்தின் நீரை இரவிலே வீணாகத் திறந்துவிட்டு, நாளை கால்வாய் போகப்போகும் நிலத்தை இன்று சல்லிசாக வளைத்துப்போடுவது.

தமிழில், கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே. பாலசந்தர் 1981-ல் படமாக்கிய 'தண்ணீர் தண்ணீர்', உலகப் படங்களின் வரிசையில் கூசாமல் நிறுத்தத்தக்கது. அத்திப்பட்டிக் கிராமத்துக்குத் தலைமறைவாய் வந்து சேர்ந்த ஒருவன் வண்டி கட்டித் தூரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தருகிறான். தண்ணீர் தருபவன் என்பதனாலேயே அவனை ஊர் மறைத்துக் காக்கிறது. பின்பு ஊரே கூடி வாய்க்கால் வெட்டப் புறப்பட, சர்க்கார் விதி குறுக்கே நிற்கிறது. தண்ணீருக்கு எடை உண்டு என்பதை, சுமக்கும் இடுப்பும் இழுக்கும் மாடும் நமக்கு உணர்த்துகின்றன. ஏ. ஆர். முருகதாஸின் 'கத்தி' (2014) நட்சத்திரப் படத்துக்குரிய அடிதடியும் அலங்காரமும் கொண்டதாயினும், சென்னைக்கு நீர் கொண்டுவரும் பெருங்குழாய்களுக்குள் கிராமத்து முதியவர்களை உட்கார வைத்த ஒரு யுக்தியினால், நகரத்தின் குழாயடிக்கும் தொலைவிலுள்ள வயலுக்கும் உள்ள பந்தத்தைப் பாமரரும் உணரும்படி செய்துவிட்டது.

மின்சாரம் திரைக்கு எளிதில் அகப்படுவதில்லை. வருவதும் போவதும் அன்றி அதற்கு உருவம் இல்லை. ஆதலால் அது வரமாகவோ சாபமாகவோ மட்டுமே தோன்றுகிறது. ஆஷுதோஷ் கோவாரிக்கரின் 'ஸ்வதேஸ்' (2004) படத்தில் ஊர் கூடி உழைத்துச் சிறு நீர்மின் நிலையம் அமைக்க, விளக்கு எரிந்ததும் கிழவி ஒருத்தியின் முகம் மலர்வது வரம். அணு உலையின் குறைகளைக் கம்பெனி மூடி மறைப்பதைச் சொன்ன 'தி சைனா சிண்ட்ரோம்' 1979 மார்ச் 16-ல் வெளிவந்து, பன்னிரண்டே நாளில் த்ரீ மைல் ஐலண்டு உலையில் மெய்யாகவே விபத்து நேர்ந்தது சாபம். இவ்விரண்டுக்கும் நடுவே, தினமும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கைப் பற்றிய கதையைச் சினிமா ஏறக்குறைய எழுதவேயில்லை.

கற்பனை உலகங்களும் இதற்கு விலக்கல்ல. ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' (2009), வேற்றுக் கிரகத்துக் கனிமத்துக்காக நடக்கும் படையெடுப்பைப் பிரம்மாண்டமாய்க் காட்டி, அந்தக் கனிமம் பூமியில் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமலே விட்டது. ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ் 2' (1981) பட்ஜெட்டில் எளியது, யுக்தியில் பெரியது: பாலைவனத்தில் எல்லோரும் உயிரைக் கொடுத்துத் துரத்தும் எண்ணெய் டாங்கரில் இருந்தது மணல், எண்ணெயோ பீப்பாய்களில் வேறு வண்டியேறிப் போய்விட்டது.

இனி வரப்போவது சூரியனும் காற்றும். குழியும் இல்லை, ஊற்றும் இல்லை, சேட்டும் இல்லை என்று கதாசிரியர்கள் ஏங்க வேண்டியதில்லை. சிவெட்டெல் எஜியோஃபர் 2019-ல் எடுத்த 'தி பாய் ஹூ ஹார்னஸ்டு த விண்ட்', மலாவி நாட்டின் பஞ்ச காலத்தில் வில்லியம் கம்குவாம்பா என்னும் சிறுவன் காற்றாலை அமைத்து நீர் இறைத்ததாகச் சொல்லும், மெய்ச் சம்பவத்தைத் தழுவிய கதை. அதில் காற்று இலவசம். ஆனால் காற்றாலைக்காகத் தகப்பன் தன் ஒரே சைக்கிளை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தச் சைக்கிளுக்கான வாக்குவாதமே படத்தின் உச்சம். சூரியத் தகட்டுக்கும் மின்கலத்துக்கும் வேண்டிய தாதுவை எந்தக் குழியிலிருந்து எடுக்கிறார்கள், கம்பி யாருடைய வயலைக் கடந்து போகிறது, விட்டுக்கொடுத்தவன் யார், பெற்றவன் யார் என்று விசாரிக்கும் படங்கள் வந்தாக வேண்டும். வில்லனைத் தண்டித்து நம்மை நிரபராதிகளாக வீட்டுக்கு அனுப்பும் படங்கள் போதிய அளவு வந்துவிட்டன. பெற்றுக்கொண்டவர்களின் வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நம்மையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் படத்தையே இனி இத்துறையின் முன்னேற்றமாகக் கொள்ள வேண்டும்.