சங்கிலியும் கட்-ஆஃபும்

கிண்டிப் பொறியியல் கல்லூரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1794-இல் தொடங்கி நேரே பெருமிதத்தில் போய் முடிக்கிறார்கள். நான் 1794-இலேயே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அந்த வருஷம் எட்டு மாணவர்களோடு சென்னையில் ஆரம்பித்தது ஒரு நில அளவைப் பள்ளி. யாருக்காக? கும்பெனிக்காக. நிலத்தை அளந்தால்தானே வரி போட முடியும். ஆக, இங்கே தொழில்நுட்பக் கல்வி அறிவுத் தாகத்தில் பிறக்கவில்லை. அளவுச் சங்கிலியோடு பிறந்தது.

அளந்தவர்கள் போய்விட்டார்கள், அளக்கிற பழக்கம் போகவில்லை என்பதுதான் என் வாதம். 1978-இல் கிண்டி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கும் சேர்ந்து அண்ணா பெயரில் பல்கலைக்கழகமாயின. 1984-இல் நுழைவுத்தேர்வு வந்தது. இப்போது அளக்கப்பட்டது நிலம் அல்ல, பிள்ளைகள். 'தகுதி' என்ற சொல் கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டின் செல்லப்பிள்ளையானது. 2006-இல் சட்டம் போட்டு அந்தத் தேர்வை ஒழித்தபோது "தரம் போச்சு" என்று புலம்பியவர்கள், 69 சதவீத இட ஒதுக்கீட்டைப் பற்றியும் அதே குரலில்தான் பேசியவர்கள். 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனியாக ஒதுக்க வேண்டிவந்ததே, அதற்கு என்ன அர்த்தம்? ப்ளஸ் டூ மார்க்கும் நடுநிலையான சங்கிலி இல்லை.

இதைச் சொல்லி, 'ஆதிக்கத்தின் கருவி' என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிட முடியாது. பதின்ம வயதிலேயே கணவனை இழந்து, கையில் பெண்குழந்தையோடு நின்ற அ. லலிதா 1943-இல் இங்கேதான் மின்பொறியாளரானார். அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கதவு திறந்தது உண்மை. யாருக்கு முதலில் திறந்தது என்பதும் வரலாறுதான்.

இன்னொரு சங்கிலி, மொழி. என் அக்கா மகன் தமிழ்வழியில் படித்து ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். நாலு அரியர். "கணக்கு தெரியுது மாமா, கேள்விதான் புரியல" என்றான். எம்.ஏ. தமிழ் படித்த எனக்குப் பதில் இல்லை.

நீரியல் அறிஞரும் கவிஞருமான வா.செ. குழந்தைசாமி துணைவேந்தராக இருந்த பல்கலைக்கழகம் இது. எழுத்துச் சீர்திருத்தம் பற்றி அவர் விடாமல் பேசினார். ஆனால் தமிழ்வழியில் சிவில், மெக்கானிக்கல் வர 2010 ஆக வேண்டியிருந்தது. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அதையும் நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். பையன்கள் சேரவில்லை என்பது காரணமாம். தமிழ்வழிப் பட்டத்துக்கு எந்தக் கம்பெனி வேலை தரும் என்று தெரியாமல் எப்படிச் சேருவான்?

இதில் நம் பங்கும் இருக்கிறது. சொல்லாடல், அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், ஒரு பொறியியல் பாடநூலையாவது தமிழில் படிக்கும்படி ஆக்கக் கை கொடுத்தோமா? அறிவியல் தமிழ் நம் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டோம். சங்கிலியின் ஒரு முனை நம் கையிலும் இருக்கிறது.