லைப்சிக் சமநிலையும் நம் சம்பிரதாயமும்

வினாவர் மார்க்கத்தைப் பற்றி மலருக்கு எழுதித் தருமாறு சங்கத்தின் மூத்தோர் பணித்தபோது, வெற்றியில் முடிந்த ஆட்டமொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆயினும், மானுவேல் ஆரோன் அவர்கள் 1972-இல் தால் பெயரால் சென்னையில் நிறுவிய கழகத்தில் பயின்ற எங்கள் ஆசிரியரிடம் பாடம் கேட்டோருக்கு முதலில் நினைவில் எழுவது, 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் பிஷரும் தாலும் சமன் செய்த ஆட்டமே. நம் ஆரோன் அவர்கள் யூவேயை வென்றதும் அதே லைப்சிக்கில்தான்.

மார்க்கத்தின் இரு கிளைகளையும் அங்கத்தினர்களுக்கு விவரிப்பது அதிகப்பிரசங்கம். ஏ5-க்குப் பிஷப் பின்வாங்கும் கிளை, 1954 உலகப் போட்டியின் ஒன்பதாம் ஆட்டத்தில் ஸ்மிஸ்லோவ் கையால் போட்வின்னிக் அடிபட்டபின் சந்தேகத்துக்கு இலக்காயிற்று. போட்வின்னிக்கின் வினாவரை வெள்ளைக் காய்களால் முறியடித்தே 1960 பட்டப் போட்டியைத் தொடங்கிய தால், லைப்சிக்கில் கறுப்புடன் அமர்ந்து, பதினேழே வயதான பிஷருக்கெதிரே அந்தச் சந்தேகக் கிளையையே துணிந்தெடுத்தார். பிஷரின் ராணி ஜி7, எச்7 சிப்பாய்களை அபகரித்தது. எதிரெதிர்ப் பக்கங்களில் இருவரும் கோட்டை கட்டினர். பதினான்காம் நகர்த்தலில் தாலின் குதிரை இ5 சிப்பாயை வெட்டியதும் காய்கள் சரமாரியாக உதிர, ஜி2-இல் யானையைப் பலியிட்டு, 21-ஆம் நகர்த்தலில் தொடர் செக்கால் தால் சமநிலையை ஈட்டினார். பதினான்காம் நகர்த்தலோடு ஏட்டை மூடிவிட்டு, மிச்சத்தை எங்களையே கண்டுபிடிக்கச் செய்வது ஆசிரியரின் வழக்கம். ஒரு வாரமாயினும் விடை சொல்லமாட்டார். பிஷரும் இவ்வாட்டத்தைத் தாம் தேர்ந்த அறுபது ஆட்டங்களுள் ஒன்றாக அச்சேற்றினார். அவ்வறுபதில் சமநிலைகள் 9.

இக்காலத்து இளைஞர் சிலரின் ஞாபகசக்தி போற்றத்தக்கதே. எவரையும் குறித்துச் சொல்வதாகக் கொள்ளலாகாது. எனினும், கணினி காட்டிய இருபது நகர்த்தல்களை ஒப்பித்து, மும்முறை நிலை திரும்பியதும் கைகுலுக்கி எழுவதைச் சமநிலை என்பதற்கு நா கூசுகிறது. குறிப்புத்தாளின் கையெழுத்தோ நடுவருக்கே விளங்குவதில்லை. ஆட்டம் முடிந்தபின் எதிராளியோடமர்ந்து ஆராயும் மரியாதை மறைந்தது. சென்ற ஆண்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில், முதலிரு மேசைகளும் காபி வருமுன்னரே காலியாயின. சமன் செய்வோர் கைப்பட உரையெழுதிய குறிப்புத்தாளைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டுமென்ற பழைய விதியை நிர்வாகக் குழுவினர் மீட்டளிப்பார்களாயின், முதல் தாளைப் படிக்க நானே வருகிறேன்.