கையொப்பமும் சம்மதமும்

மருத்துவ ஆய்வொன்றுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி கிடைத்ததும் தம் கடமை நிறைவுற்றதாக வைத்தியர் சிலர் கருதுகின்றனர். குழுவின் பணியைப் பிழையாக விளங்கிக்கொண்டமையே இதற்குக் காரணமாகும்.

உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964 இல் ஆய்வுக்குட்படுவோரின் சம்மதத்தை வலியுறுத்திற்று. 1975 இல் திருத்தப்பட்டபோது சுயாதீனக் குழுவொன்றின் பரிசீலனையையும் வேண்டிற்று. 1981 இலேயே கொழும்பு மருத்துவ பீடம் அத்தகைய குழுவை அமைத்துக்கொண்டது. குழுவைக் கடந்து செல்வதன் அபாயத்தைத் திருவனந்தபுரம் காட்டியது. அங்குள்ள பிராந்தியப் புற்றுநோய் மையத்தில் 1999–2000 காலத்தில் வாய்ப்புற்றுநோயாளரிடம் புதிய மருந்தொன்று சோதிக்கப்பட்டது. தன் ஆய்வாளர் ஒருவர் ஈடுபட்ட அச்சோதனைக்குத் தன் குழுவின் அனுமதி பெறப்படவில்லை என ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2001 இல் கண்டறிந்தது.

எனவே குழு இன்றியமையாதது. ஆயின் அது பரிசீலிப்பது ஆவணங்களையே. நோயாளியின் கட்டிலருகே அது நிற்பதில்லை. “நீங்கள் சொன்னால் சரி, ஐயா” என்று ஒப்பமிடுபவர் பணிகிறாரேயன்றிச் சம்மதிக்கவில்லை. மறுத்தால் சிகிச்சை நின்றுவிடுமோ என்ற அச்சமும் அப்பணிவில் கலந்திருக்கலாம்.

மொழியும் தடையாகின்றது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட படிவத்தில் ‘எழுமாற்றாக ஒதுக்கப்படுவீர்கள்’ என்றிருப்பின் கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்கு அது எவ்வாறு விளங்கும்? ‘உங்களுக்கு எந்த மருந்து என்பதை வைத்தியர் தீர்மானிப்பதில்லை, திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையே தீர்மானிக்கும்’ என்றால் விளங்கும். தமிழ் கற்போர் இப்பணியில் உதவலாம்.

நெரிசல் மிகுந்த ஆஸ்பத்திரியில் இதற்கு நேரமேது என வினவுவர். ஆய்வுக்கு நேரமுள்ளவருக்கு விளக்கத்துக்கும் நேரம் இருத்தல் வேண்டும். கேட்டதை நோயாளி தம் சொற்களில் திருப்பிக் கூறட்டும். அதன் பின்னரே பேனாவை நீட்டுக.