பெயர்ப்பலகை எழுத்தும் அச்செழுத்துக் குடும்பமும்

எழுத்து ஒலிவடிவு, வரிவடிவு என இருவகைப்படும். ஒலிவடிவினை ஆராய்ந்தார் பலர். வரிவடிவினைக் கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் தேடி ஆராய்ந்தாரும் உளர். ஆயின் ஊர்ப்பெயர் தாங்கி வழியோரத்து நிற்கும் பலகையெழுத்தினைத் தமிழ்த்துறையினர் ஆராய்ச்சிக்குரியதாகக் கருதியதில்லை. அது தச்சர்க்கும் வண்ணம் தீட்டுவார்க்கும் உரிய தொழிலென்று விட்டுவிட்டோம் போலும். இன்று அப்பலகையெழுத்தே அச்செழுத்துக் குடும்பங்கட்கு முன்மாதிரியாகிவிட்டமையின், அதனை நோக்காதிருத்தல் இயலாது.

இவ்வகைக் குடும்பங்களுள் தலைசிறந்தது செருமானிய நாட்டு ‘டின்’ எழுத்தாகும். பிரசிய இருப்புப்பாதையினர் 1905-இல் தம் பெயர்ப்பலகைகட்கென வரைந்த மாதிரி எழுத்து அதன் மூலங்களுள் ஒன்று. சீமென்சு நிறுவனப் பொறியாளர் லுட்விக் கோல்லர் தலைமையிலமைந்த குழு அத்தகைய எழுத்தை நாட்டுக்குரிய தரமாக வகுத்தது. 1931-இல் முன்வரைவும் 1936-இல் தரமும் வெளிவந்தன. கட்டக் கோட்டின்மேல் அளவுகோலும் கவராயமும் கொண்டு எவரும் வரையத்தக்க எழுத்து அது. அழகு அதன் நோக்கமன்று. 1995-இல் ஆல்பர்ட்-யான் போல் என்பார் அதனைச் செப்பஞ்செய்து, மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை பல பருமன் கொண்ட ‘எஃப்.எஃப். டின்’ என்னும் குடும்பமாக்கினார். நியூயார்க் நவீனக் கலைக்கூடம் 2011-இல் அதனைத் தன் தொகுப்பிற் சேர்த்தது.

போல் செய்த திருத்தமே நம் கருத்திற்குரியது. எல்லாக் கோடும் ஒரே பருமனாயின், கிடைக்கோடு கண்ணுக்குத் தடித்துத் தோன்றும். ஆதலின் கிடைக்கோட்டை அவர் சிறிது மெலிவித்தார். பொறியாளர் அளவையினும் படிப்போர் கண்ணே பெரிதென்பது இதனாற் பெறப்படும். இக்கொள்கை தமிழுக்கு எங்ஙனம் பொருந்தும் என்பதனை அரியலூர், பெரம்பலூர் என்னும் இரண்டு ஊர்ப்பெயர்களைக் கொண்டு காண்போம்.

இவ்விரண்டும் அண்டை மாவட்டங்களின் தலைநகர்கள். பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்தது. அரியலூர் 2001-இல் அதனின்று பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007-இல் மறுபடியும் தனித்தது. அரியலூர் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்ட் ஆலைகளும் மிக்க நிலம். அதன் பெயரை இருப்புப்பாதையின் மஞ்சட் பலகையிற் காணலாம். பெரம்பலூர் நகர்க்குப் புகைவண்டி நிலையம் இல்லை. அதன் பெயரைச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைப் பலகையிற் காணவேண்டும். நின்று படிக்கும் எழுத்து ஒன்று. விரைந்து செல்வோர் படிக்கும் எழுத்து மற்றொன்று.

இனி, ரகரத்தை நோக்குக. துணைக்காலுக்கும் ரகரத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு அடியில் சாய்ந்திறங்கும் சிறு கோடு ஒன்றே. பழைய கல்வெட்டிலும் ஓலையிலும் அக்கோடு இல்லை. இரண்டும் ஒரே வடிவின. அச்சு வந்தபின்னும் ‘ரி’, ‘ரீ’, ‘ர்’ ஆகியவற்றை அக்கோடின்றி எழுதும் வழக்கு நிலைத்தது. துணைக்கால் இகரக் குறியோ புள்ளியோ ஏலாதாகலின் மயக்கம் இல்லையென்று கருதினர். ஒருங்குறியில் ரகரத்திற்குக் குறியீட்டெண் ஒன்றே. கோடிடுவதும் விடுவதும் எழுத்துரு வரைவோர் கையிலுள்ளது.

அரியலூர் என்னும் பெயரில் வரும் ‘ரி’, ‘ர்’ ஆகிய இரண்டும் கோடின்றியும் பெரிதும் இடர்ப்படா. பெரம்பலூரின் நிலை வேறு. அதன் இரண்டாம் எழுத்தாகிய ரகரத்தின் அடிக்கோடு மறையின், ஒற்றைக் கொம்பும் பகரமும் துணைக்காலும் ஒருங்கு நின்று ‘பொ’ என்றாகும். ஊர் ‘பொம்பலூர்’ ஆகிவிடும்! எகர ஏகார வேறுபாடும் காட்டாத ஓலையில், பெர, பேர, பொ, போ என்னும் நான்கிற்கும் அவ்வடிவு ஒன்றே. ஏடு பதிப்பித்தோர் பட்ட பாடு இத்தகையது. அவர்க்கேனும் யாப்பும் பொருளும் துணைநின்றன. கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்லெழுத்தைப் படிப்பார்க்கும் இடம் நோக்கித் தெளிய நேரம் உண்டு. பேருந்தில் விரைந்து செல்லும் வழிப்போக்கர்க்கு ஊர்ப்பெயரன்றி வேறு துணையில்லை.

இந்நிலையில் ஒரே பருமனும் ஒரே உயரமும் நாடும் ‘டின்’ போன்ற எழுத்தைப் பின்பற்றித் தமிழை வரைவோர் முதற்கண் செய்யக்கூடிய தவறு அடிக்கோட்டைக் குறுக்குதலே. உரோம எழுத்தொடு வரி ஒத்துநிற்க வேண்டும் என்னும் விருப்பம் அதற்குத் தூண்டுதலாகும். எம் கருத்தில், பலகைக்குரிய எழுத்துருவில் ரகரம் எவ்விடத்தும், ‘ரி’, ‘ர்’ உட்பட, நீண்ட அடிக்கோடு பெறுதல் வேண்டும். மெய் புள்ளி பெறும் என்றார் தொல்காப்பியர். தொலைவில் அப்புள்ளியே முதலில் மறைகின்றது. அந்நிலையில் ரகர மெய்யைக் காப்பதும் அக்கோடேயாம். கோடிட்ட ‘ர்’ அச்சு மரபுக்கு மாறானது என்பர் சிலர். நூலுக்கு அம்மரபு பொருந்தலாம். பலகைக்கு அது சட்டமாகாது.

ஒப்புமை ‘டின்’ எழுத்தின் வரலாற்றிலேயே உண்டு. செருமானிய ஊர்திகளின் எண்பலகையில் வழங்கிய அவ்வெழுத்து 1990-களின் நடுவிலிருந்து நீக்கப்பட்டு, கார்ல்கெயோர்க் கோஃபர் வரைந்த வேறோர் எழுத்து புகுந்தது. ஓர் எழுத்தை மற்றொன்றாகத் திருத்திவிடாதபடி, ஒன்றையொன்று ஒவ்வாமல் வரையப்பட்டமையே அதன் சிறப்பு. காண்பார்க்கு அஃது அழகன்றெனத் தோன்றும்; பயன் கருதிய அழகின்மை அது.

பலகையெழுத்து அற்பப் பொருளன்று என்பதற்கு அரியலூரை அடுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்து நிலையமொன்று சான்று. 1953 சூலை 15-இல், டால்மியாபுரம் என்றிருந்த அப்பலகையின்மேல் ‘கல்லக்குடி’ என்றெழுதிய தாளை ஒட்டி, தண்டவாளத்திற் படுத்து, மு. கருணாநிதி தலைமையில் தி.மு.க.வினர் போராடினர். அந்நிலையத்தின் பெயர் இன்று ‘கல்லக்குடி பழங்காநத்தம்’. எப்பெயர், எம்மொழியில் என்னும் வழக்கு அன்று நடந்தது. எவ்வடிவில் என்னும் வழக்கை நாம் இன்னும் தொடங்கவேயில்லை.

தடித்த பருமன்களில் ‘பழங்காநத்தம்’ என்பதன் ழகரச் சுழியும் ஙகர உள்வெளியும் அடைபடும். அவற்றைத் திறந்து வைப்பதற்காகவேனும் கோட்டின் பருமன் ஓரெழுத்துள்ளேயே கூடியும் குறைந்தும் வருதல் வேண்டும். போல் செய்ததும் அதுவே.