முழுக்கை டாப்ஸ்

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் குவிந்து கிடக்கும் பனியன் துணிகளுக்கு நடுவே, உடற்பயிற்சிக்கென்று தைத்த முழுக்கை டாப்ஸ் ஒன்றைத் தேடி எடுப்பது தனி ரசனை. கண் நிறத்திலேயே நின்றுவிடும். பழகிய கையோ முதலில் துணியை இழுத்துப் பார்க்கும். 95 பங்கு பருத்தியும் 5 பங்கு லைக்ராவும் கலந்த துணி விரலுக்கு இணங்கி நீளும், விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இழுத்தபடியே வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் இருக்கும் உள்ளங்கை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கும்போது மறைத்துவிட்டுக் குனியும்போது காட்டிக்கொடுக்கும் துணி எதற்கு?

அப்புறம் உள்பக்கத்தைத் திருப்புங்கள். தைத்தவரின் பொறுமை அங்கேதான் இருக்கிறது. நல்ல பிளாட்லாக் தையல் துணியோடு துணியாகப் படுத்திருக்கும். எவ்வளவு கை வீசினாலும் தோலை உரசாது. அக்குளில் சாய்சதுரமாக ஒரு சிறு துண்டு கொடுத்திருந்தால், கைகளை உயர்த்தும்போது டாப்ஸ் இடுப்புக்கு மேல் ஏறி வருவது குறையும். தொடைவரை நீளம், கால் அகல வைக்கப் பக்கவாட்டில் ஒரு வெட்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது, கை ஓரத்தில் கட்டைவிரலுக்கு விட்ட துளை. சூரிய நமஸ்காரத்தில் கவிழ்ந்தாலும் முழுக்கை சுருண்டு மேலேறாது. பருத்தி வியர்வையைக் குடித்துக் கனக்கும் என்பது உண்மைதான். ஓடுகிறவர்களுக்குப் பாலியஸ்டர் கலந்ததே மேல். நடைக்கும் யோகாவுக்கும் பனியன் துணிதான். நைலான் டிராக் பேண்ட் போல அடிக்கு அடி சரசரக்காமல் அது உடம்போடு கூடவே வரும்.